அளவு மீறினால் அதற்கு என்ன சொல்? – வாசகர் கேள்வி பதில்

சொற்களைப் பற்றிய கேள்விகளுக்கான பக்கம் இது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே வருகின்றன: அளவோடு நிற்காமல் போவதைத் தமிழில் எப்படிச் சொல்வது, எங்கே எந்தச் சொல்லைப் போடுவது. காட்பாடியிலிருந்து வந்த கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்தே கிளை விடுகிறது.

கேள்வி: எங்கள் நகரில் ஒரு மருத்துவ முகாம் நடத்தப் போகிறோம். சாப்பாடு, குடி, புகையிலை மூன்றையும் பற்றி ஆங்கிலத்தில் ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள், அதைத் தமிழில் எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதில் 'இன்டெம்பரன்ஸ்' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அகராதி பார்த்து 'மிதமின்மை' என்று எழுதினேன். நண்பர் 'அளவின்மை' என்று போடச் சொல்கிறார். எது சரி சார்? – ஓய்வுபெற்ற தபால் ஊழியர், காட்பாடி

பதில்: ரெண்டையும் போட வேண்டாம் ஐயா. 'மிதமின்மை'யில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை, ஆனால் அதைப் பேச்சில் சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை. சத்துவாச்சாரியிலோ கணியம்பாடியிலோ ஒரு திண்ணையில் உட்கார்ந்து 'மிதமின்மை உடம்புக்கு ஆகாது' என்று சொன்னால், நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்று கேட்பவருக்குப் பிடிபடாது. 'அளவின்மை' இன்னும் சிக்கல். அது பெரிய, நல்ல, அடக்க முடியாத ஒன்றைச் சொல்லும் சொல். அளவில்லாத ஆனந்தம், அளவில்லாத அன்பு என்று சொல்லிப் பழகின வாய்க்கு 'அளவின்மை தீங்கு' என்று படித்தால் ஒட்டவே ஒட்டாது.

நம் பேச்சில் இதைச் சொல்வதற்கு எப்போதும் ஒரு வினை இருக்கிறது. அளவு மீறிப் பேசுகிறான், அளவுக்கு மிஞ்சித் தின்கிறான், கண்மண் தெரியாமல் செலவழிக்கிறான். ஆள் என்ன செய்தான் என்பதுதான் முன்னால் நிற்கும். அந்தக் குணத்துக்குத் தனியாக ஒரு பெயர் வேண்டும் என்று நமக்குத் தோன்றியதே இல்லை. தலைப்புக்குப் பெயர்ச்சொல் கட்டாயம் வேண்டுமென்றால் 'மிதமிஞ்சிய உணவு' என்று போடுங்கள், எல்லாருக்கும் புரியும்.

ஆனால் உங்கள் பிரசுரத்தில் இதைவிட முக்கியமான ஒரு விஷயம் இருக்கிறது. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒரே சொல் போட்டுவிட்டார்கள், தமிழில் மூன்றுக்கும் ஒரே சொல் போட முடியாது, போடவும் கூடாது. சாப்பாட்டுக்கு அளவு உண்டு, அதனால் அங்கே 'அளவு மீறாதீர்கள்' பொருந்தும். குடிக்கு நம் மொழியில் அப்படிப் பேசும் மரபு கிடையாது. வள்ளுவரையே பாருங்கள், சாப்பாட்டைப் பற்றி 'மருந்து' அதிகாரத்தில் அளவறிந்து உண்ணச் சொல்கிறவர், கள்ளுக்கு வரும்போது அளவு என்ற பேச்சையே எடுக்காமல் அதிகாரத்துக்கே 'கள்ளுண்ணாமை' என்று பேர் வைக்கிறார். 1937-இல் ராஜாஜி அரசு சேலம் ஜில்லாவில் தொடங்கி, அப்புறம் சித்தூர், கடப்பை, நம் வட ஆர்க்காடு என்று விரித்துக்கொண்டுபோன சட்டத்துக்கும் தமிழில் 'மதுவிலக்கு' என்றுதான் பேர் நிலைத்தது. விலக்கு என்றால் விலக்குவதுதான், அதில் கொஞ்சம் என்பதற்கு இடமே இல்லை. ரொம்பக் குடிப்பவனுக்கு ஊரில் 'மொடாக்குடியன்' என்று ஒரு பேர் உண்டு, மிடா என்ற பெரிய பானையிலிருந்து வந்தது அது, ஆனால் தயவுசெய்து பிரசுரத்தில் அதைப் போட்டுவிடாதீர்கள். குடியை விட முடியாமல் தவிக்கிறவர் முகாம் வரைக்கும் வருவதே பெரிய விஷயம், அவர் கையில் கொடுக்கும் தாளில் வசைச் சொல் இருக்கக் கூடாது. புகையிலைக்கோ பாதுகாப்பான அளவு என்று ஒன்றே கிடையாது. அங்கே 'மிதமிஞ்சிய புகையிலை' என்று எழுதினால், மிதமாகப் போட்டால் பரவாயில்லை போலிருக்கிறது என்று ஒருத்தர் நினைத்துக்கொள்வார், அந்தத் தப்பு உங்கள் தாளிலிருந்து போகக் கூடாது.

அதனால் இப்படி எழுதிப் பாருங்கள்: 'சாப்பாட்டில் அளவு மீற வேண்டாம். குடியை விட்டுவிடுங்கள், விட முடியவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். புகையிலையைத் தொடவே வேண்டாம்.' அந்த ஆங்கிலச் சொல் எங்கே போயிற்று என்று யாரும் தேட மாட்டார்கள்.

கேள்வி: கல்யாணப் பத்திரிகையில் 'மட்டற்ற மகிழ்ச்சி அடைகிறோம்' என்று போடுகிறோம். ஒருத்தனைத் திட்டும்போது 'மட்டுமரியாதை இல்லாதவன்' என்கிறோம். ரெண்டு இடத்திலும் மட்டு இல்லை. ஒன்று வாழ்த்தாகவும் இன்னொன்று வசையாகவும் எப்படி ஆயிற்று? – அச்சக உரிமையாளர், ராணிப்பேட்டை

பதில்: அருமையான கேள்வி, பத்திரிகை அச்சடிக்கிற கைக்குத்தான் இது தோன்றும்.

மட்டு என்றால் அளவு, எல்லை. அந்தக் குடும்பம் பெரியது. கொத்தனார் வைத்துப் பார்க்கிற ரசமட்டம், விலை மட்டாக இருந்தது என்பதில் வரும் மட்டு, கோபத்தை மட்டுப்படுத்து, இம்மட்டும், நாம் நாளெல்லாம் சொல்கிற 'மட்டும்' எல்லாமே அதுதான். 'ஆம்பூர் மட்டும் நடந்து போனான்' என்று பழைய எழுத்தில் படித்தால் ஆம்பூருக்கு மாத்திரம் போனான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆம்பூர் வரைக்கும் போனான் என்று பொருள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். மட்டற்ற மகிழ்ச்சி, எல்லையற்ற கருணை, அளவில்லாத அன்பு, கணக்கில்லாத நட்சத்திரங்கள். இதிலெல்லாம் அளவு 'இல்லை', அவ்வளவுதான், யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. இன்னொரு பக்கம் அளவு மீறிய, வரம்பு மீறிய, மிதமிஞ்சிய, தறிகெட்ட என்று வருகிற சொற்கள், இவை எல்லாமே குறை சொல்கிறவை. ஒரு கோடு இருந்தது, இவன் அதைத் தாண்டினான், அல்லது கட்டு ஒன்று இருந்தது, இவன் அதைக் கெடுத்தான் என்பது உள்ளே இருக்கிறது. கோடே போடாத இடத்தில் எவ்வளவு தூரம் போனாலும் அதைத் தமிழ் குற்றமாகப் பார்ப்பதில்லை. இதுதான் என் கட்சி. நம் மொழிக்குப் பெருக்கத்தின் மேல் பகை எதுவும் கிடையாது, ஒப்புக்கொண்ட அளவை விட்டு வெளியே போவதைத்தான் அது கண்டிக்கிறது. அதனால்தான் 'அளவு கடந்த மகிழ்ச்சி' என்று தைரியமாக எழுதுகிறோம், 'அளவு மீறிய மகிழ்ச்சி' என்று யாரும் எழுதுவதில்லை.

அப்படியானால் 'மட்டுமரியாதை இல்லாமல்' ஏன் வசை, அதிலும் 'இல்லாமல்'தானே வருகிறது என்று கேட்பீர்கள். நியாயம். அதோடு கணக்குவழக்கு இல்லாமல், வகைதொகை இல்லாமல், வரைமுறை இல்லாமல் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எல்லாமே இரட்டையாக வருகிறது, கவனித்தீர்களா? அந்த இரண்டாவது பாதியில்தான் விஷயம் இருக்கிறது. மரியாதை, வழக்கு, தொகை, முறை. இவை மனுஷர்கள் ஒருவருக்கொருவர் ஏற்படுத்திக்கொண்டவை, தானாக முளைத்தவை இல்லை. கணக்கில்லாத நட்சத்திரங்கள் என்று சொல்லலாம், 'கணக்குவழக்கில்லாத நட்சத்திரங்கள்' என்று சொல்ல நாக்கு வராது, ஏனென்றால் நட்சத்திரம் யாருக்கும் கணக்கு ஒப்பிக்க வேண்டியதில்லை. கணக்குவழக்கில்லாமல் கடன் வாங்குகிறவன் ஒப்பிக்க வேண்டும். வீட்டில் பெண்டாட்டிக்காவது சொல்லியாக வேண்டும். வகைதொகையும் அப்படித்தான், எந்த வகையில் எவ்வளவு போயிற்று, மொத்தத் தொகை என்ன என்று சொல்லத் தெரியாமல் செலவழிப்பதுதான் வகைதொகை இல்லாமல் செலவழிப்பது. லட்ச ரூபாய் செலவழித்தவனும் வகை சொன்னால் அவனை யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள், ஆயிரம் ரூபாய்க்கு வகை தெரியாதவனைச் சொல்வார்கள். இன்னொன்று, மரியாதை என்ற சொல்லுக்கே வடமொழியில் எல்லை, கரை என்றுதான் பொருள், மதிப்பு என்பது பிறகு வந்தது. ஆக 'மட்டுமரியாதை' என்பது எல்லை எல்லை என்று இரண்டு தடவை அடித்துச் சொல்வது.

இந்த வித்தியாசத்தை நான் எனக்காகக் கட்டிச் சொல்லவில்லை. ஒரு குறளில் அப்படியே இருக்கிறது:

'தீயள வன்றித் தெரியான் பெரிதுண்ணின்
நோயள வின்றிப் படும்.'

முதல் அடியில் 'அளவு அன்றி', இரண்டாம் அடியில் 'அளவு இன்றி'. ஒரே எழுத்துதான் மாறுகிறது, எதுகைக்காக என்று தாண்டிப் போய்விடுவோம். அன்றி என்றால் அப்படி அல்லாமல், இன்றி என்றால் இல்லாமல். சாப்பிடுகிறவனுக்கு அளவு இருக்கிறது, அவன் வயிற்றில் எரிகிற பசித் தீயின் அளவு அது, அவன் அதற்கு ஒத்துப் போகவில்லை, அதனால் 'அன்றி'. வருகிற நோய்க்கு அளவே கிடையாது, அதனால் 'இன்றி'. மனுஷன் செய்த தப்புக்கு ஒரு சொல், அளவே இல்லாத ஒன்றுக்கு வேறு சொல். பள்ளிக்கூடத்தில் இந்தக் குறளை மனப்பாடம் பண்ண வைக்கிறார்கள், இந்த ஓர் எழுத்தையும் காட்டிக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு எவ்வளவு நன்றாக இருக்கும்!

கேள்வி: தறிகெட்டுப் போனான் என்கிறார்களே, அது எங்கள் நெசவுத் தறியா? அப்படியானால் எங்கள் தொழிலை வைத்து ஏன் திட்ட வேண்டும்? – லுங்கி நெசவாளர், குடியாத்தம்

பதில்: உங்கள் தறி இல்லை அண்ணே. மாட்டையும் யானையையும் கட்டி வைக்க நட்ட கம்பத்துக்கும் தறி என்றுதான் பேர், கட்டுத்தறி என்று சேர்த்துச் சொல்வோம். தறித்தல் என்றால் வெட்டுதல், வெட்டி நட்ட மரம் தறி. அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடின மாடுதான் தறிகெட்ட மாடு. இதற்கு ஒரு நல்ல சாட்சி சொல்லிலேயே இருக்கிறது, தறிகெட்டு என்பதற்குப் பின்னால் எப்போதும் ஓட்டமும் அலைச்சலும்தான் வரும். தறிகெட்டு ஓடினான், தறிகெட்டு அலைகிறான், நெடுஞ்சாலை விபத்துச் செய்தியில் 'தறிகெட்டு ஓடிய லாரி'. தறிகெட்டுத் தின்றான், தறிகெட்டுத் தூங்கினான் என்று ஒருவரும் சொல்வதில்லை. நெசவுத் தறியில் பாவு சிக்கலாம், இழை அறுந்து போகலாம், தறி எழுந்து ஓடாது. உங்கள் தொழிலுக்கு இதில் ஒரு குறையும் இல்லை.

கேள்வி: செய்தித்தாளில் 'அத்துமீறல்' என்று பார்க்கிறேன். இலக்கண வகுப்பில் 'அத்துச் சாரியை' படித்தேன். ரெண்டு அத்தும் ஒன்றா? – கல்லூரி மாணவர், ஆர்க்காடு

பதில்: இல்லை தம்பி. மரம், மரத்தை என்னும்போது நடுவில் வருகிற 'அத்து' நம் இலக்கணத்தின் சொந்தப் பிள்ளை. அத்துமீறலில் இருக்கிற அத்து அரபியின் 'ஹத்', உருது வழியாக வந்தது, எல்லை என்று பொருள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் மேல்விஷாரத்தில் உருது பேசுகிற நண்பர் இருந்தால் கேட்டுப் பாருங்கள், உடனே சொல்வார். தாலுகா, ஜில்லா, ஜப்தி, வசூல், ரசீது என்று அரசாங்க அலுவலகச் சொற்கள் ஒரு கூட்டமாக வந்தபோது இதுவும் வந்தது. கர்நாடக நவாபுகள் உட்கார்ந்து ஆண்ட ஊர் உங்களுடையது, ஆர்க்காட்டுக்காரர் இதைக் கேட்டது பொருத்தம்தான்.

ஆனால் எங்கே பயன்படுத்துவது என்பதைக் கவனிக்க வேண்டும். பிறர் வீட்டில் அத்துமீறி நுழைந்தார், எல்லையில் அத்துமீறல் என்கிறோம். அத்துமீறிச் சாப்பிட்டான் என்பதில்லை. அடுத்தவனுடைய கோட்டைத் தாண்டினால் அத்துமீறல், தன்னுடைய கோட்டைத் தானே தாண்டினால் மிதமிஞ்சல். இவ்வளவு தெளிவான வித்தியாசம் கையில் இருக்கும்போது ரெண்டையும் மாற்றிப் போடக் கூடாது. இன்னொரு வருத்தமும் எனக்கு உண்டு. ஒரு பெண்ணுக்குச் செய்த பெரிய கொடுமையையும் 'அத்துமீறினார்' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிற வழக்கம் வந்துவிட்டது. வேலி தாண்டினதற்கும் அதற்கும் ஒரே சொல்லா? குற்றத்துக்குச் சட்டத்தில் என்ன பேரோ அதை எழுத வேண்டும்.

கேள்வி: மகள் கல்யாணத்துக்கு மண்டபத்தில் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பலகை வைக்க ஆசை. தட்டில் பிரியாணியை மலையாக வாங்கிப் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகிறார்கள், மனசு கேட்பதில்லை. எங்கள் அத்தா 'இஸ்ராஃப்' என்பார். தோழி 'மீதூண் விரும்பேல்' என்று எழுதச் சொல்கிறாள். எதை வைக்கலாம்? – இல்லத்தரசி, ஆம்பூர்

பதில்: அம்மா, உங்கள் அத்தா சொன்ன சொல் ரெண்டு தப்பையும் ஒன்றாகப் பிடிக்கிறது. குர்ஆன் 7-ஆம் அத்தியாயம் 31-ஆம் வசனத்தில் உண்ணுங்கள், பருகுங்கள், ஆனால் அளவு மீறாதீர்கள் என்று வருகிற இடத்தில் இருப்பது அந்தச் சொல்தான், தமிழில் பெரும்பாலும் 'வீண்விரயம்' என்று போடுகிறார்கள். அதிகம் தின்பதும் அதில் அடங்கும், வீணடிப்பதும் அடங்கும். தமிழில் அவை தனித்தனி. ஔவையார் ஆத்திசூடியில் சொன்ன 'மீதூண்' தேவைக்கு மேலே தின்பது, வயிற்றுக்குள் போனதைப் பற்றிய சொல். பெருந்தீனியும் அதேதான், தமிழ் பைபிளில் 'பெருந்திண்டி' என்று வரும். உங்கள் மனசைச் சுடுவது உள்ளே போனது இல்லையே, தட்டிலேயே கிடந்து குப்பைக்குப் போவதுதானே. அதற்கு மீதூண் பொருந்தாது. தோழி நல்ல மனசோடுதான் சொல்லியிருக்கிறாள், ஆனால் அந்தப் பலகையைப் படிக்கிற விருந்தாளிக்கு 'குறைவாகத் தின்னு' என்று சொன்ன மாதிரி இருக்கும், கல்யாண வீட்டில் அது கூடவே கூடாது.

பந்தியில் அளவு பார்ப்பது நம் பக்கம் போடுகிறவர் வேலை கிடையாது. படியால் அளந்து கொடுக்கும்போதுகூடத் தலைதட்டாமல் கொடுத்தால்தான் கொடுக்கிறவருக்குப் பெருமை. போதும் என்று சொல்லிக் கையைக் குறுக்கே காட்டுவது சாப்பிடுகிறவர் உரிமை. அந்த உரிமையை அவருக்கு ஞாபகப்படுத்துகிற மாதிரி எழுதினால் நன்றாக இருக்கும். 'வேண்டிய மட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள், மறுபடியும் கேளுங்கள், கொண்டு வருகிறோம்.' இதில் வருகிற 'மட்டும்' மேலே சொன்ன பழைய மட்டும், எவ்வளவு வேண்டுமோ அந்த அளவு வரைக்கும். மறுபடியும் கிடைக்கும் என்று தெரிந்தால் முதல் தடவையே யாரும் மலையாக வாங்க மாட்டார்கள். பரிமாறுகிற பிள்ளைகளிடமும் முதலில் பாதிக் கரண்டி போடச் சொல்லிவைத்துவிடுங்கள், பலகையைவிட அது அதிகம் வேலை செய்யும். தால்ச்சாவுக்கும் கத்தரிக்காய்க்கும் அதே கணக்குதான்.

கேள்வி: பாலாற்றில் 'அதிக அளவில் கழிவுநீர்', 'அதிக அளவில் மணல்' என்று எழுதுகிறார்களே, 'அளவு மீறி' என்று ஏன் எழுதுவதில்லை? ரெண்டும் ஒன்றுதானா? – விவசாயி, வாணியம்பாடி

பதில்: ஒன்று இல்லை, நீங்கள் கேட்டது நம் மாவட்டத்துக்கே வேண்டிய கேள்வி. 'அதிகம்' என்பது வெறும் ஒப்பீடு. நேற்றைவிட இன்று அதிகம், அந்த ஊரைவிட இந்த ஊரில் அதிகம், அதில் குற்றவாளி யாரும் கிடையாது. இந்த வருஷம் மழை அதிகம் என்கிறோமே, அதே சொல்தான். 'மீறி' என்று எழுதினால் உடனே ரெண்டு கேள்வி வந்து நிற்கும்: எந்த அளவை, யார் மீறினார்கள்? எழுதுகிறவர் அதற்குப் பதில் தேடித்தான் ஆக வேண்டும்.

தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கத்து மண்ணையும் கிணறுகளையும் கெடுத்ததைப் பற்றி வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும், கேடு வரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற ரெண்டு நெறியும் இந்த நாட்டுச் சட்டத்தில் சேர்ந்தவைதான் என்று அதில் சொன்னார்கள், ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் போட்டார்கள். இந்தியா முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் படிக்கிற வழக்கு அது, பேரிலேயே வேலூர் இருக்கிறது. கழிவுநீரில் எது எவ்வளவு இருக்கலாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளவு வகுத்து வைத்திருக்கிறது. அதைத் தாண்டினால் 'நிர்ணயித்த அளவை மீறி' என்றுதான் எழுத வேண்டும். மணலும் அப்படியே, அனுமதித்த ஆழம் என்று ஒன்று இருந்து, அதற்குக் கீழே தோண்டினால் 'அனுமதித்த ஆழத்தை மீறி'. கோடு போட்டிருக்கும் இடத்தில் 'அதிக அளவில்' என்று எழுதுவது அந்தக் கோட்டையே அழிப்பது. ஊற்று வற்றின கிணற்றை வைத்துக்கொண்டு நிற்கிறவருக்கு அது நியாயம் இல்லை.

லாரியில் பாரம் ஏற்றுவதற்கும் இதுதான். மயிலிறகு ஏற்றின வண்டியானாலும் மேலே மேலே போட்டால் அச்சு முறிந்துபோகும் என்று குறளில் இருக்கிறது, 'பீலிபெய் சாகாடும்' என்று தொடங்குவது. ஏற்றின பொருள் லேசானது, நல்ல பொருள், அதில் குற்றம் இல்லை. வண்டி தாங்குகிற அளவை விட்டதுதான் குற்றம்.

கேள்வி: பேரன் 'தாத்தா ரொம்ப ஓவரா பண்ணாதீங்க' என்கிறான். இந்த 'ஓவர்' இல்லாமல் பேசவே முடியாதா? – பட்டுச் சேலை வியாபாரி, ஆரணி

பதில்: பேச்சில் விட்டுவிடுங்கள் ஐயா. 'ஜாஸ்தி', 'கம்மி' ரெண்டும் வெளியிலிருந்து வந்தவைதான், இன்று அவற்றை யாராவது அந்நியமாக நினைக்கிறோமா? ஆனால் பேரனுக்கு வேறு சொற்களும் காதில் விழட்டும். அவன் குதிக்கும்போது 'ரொம்ப ஆடாதே', பெருமை பேசும்போது 'தலைகால் தெரியாமல் பேசாதே', காசைக் கரைக்கும்போது 'ஊதாரித்தனம் பண்ணாதே', கண்டபடி திட்டும்போது 'மானாவாரியாகப் பேசாதே' என்று நீங்கள் சொல்லுங்கள். வானத்தை நம்பி விதைக்கிற நிலக்கடலைக் காட்டைத்தான் நம் பக்கம் மானாவாரி என்கிறோம் என்று அதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். 'ஓவர்' இத்தனைக்கும் ஒரே சொல்லாக வந்து உட்கார்ந்துவிடுவதுதான் அதில் இருக்கிற நஷ்டம்.

கேள்வி: எங்கள் வீட்டில் தெலுங்கு. 'மிதிமீரி' என்போம். தமிழ் 'மிதமிஞ்சி' இதிலிருந்து வந்ததா? – வாசகி, சித்தூர்

பதில்: ஒன்றிலிருந்து மற்றது வரவில்லை அம்மா. மிதம், மிதி ரெண்டும் வடமொழியில் அளத்தல் என்ற பொருளிலிருந்து ரெண்டு மொழிக்கும் வந்தவை. மீறு, மிஞ்சு ரெண்டும் தமிழுக்கும் தெலுங்குக்கும் பொதுவான சொந்தச் சொற்கள், நீங்கள் 'மீரு', 'மிஞ்சு' என்பீர்கள். 1911 வரைக்கும் சித்தூர் வட ஆர்க்காட்டோடுதானே இருந்தது, வீட்டுக்கு வீடு ரெண்டு பேச்சும் கலந்துதான் கிடந்தது. நல்ல விளைச்சலை 'அபரிமிதம்' என்கிறோமே, அதற்குள்ளும் இந்த மிதம் இருக்கிறது, அளவிட முடியாதது என்று பொருள். அது பாராட்டு, மிதமிஞ்சியது குறை. ராணிப்பேட்டைக்காரருக்குச் சொன்ன பதில் இதற்கும் சரியாகப் பொருந்தும்.

கேள்வி: 'அளவுக்கு மீறி', 'அளவை மீறி' எது சரி? தேர்வில் ஒன்றை எழுதினால் அடிக்கிறார்கள். – ஆசிரியப் பயிற்சி மாணவி, திருப்பத்தூர்

பதில்: ரெண்டும் சரி, இடம் வேறு. இன்ன அளவு என்று குறிப்பாகச் சொல்ல முடிந்தால் 'ஐ' போடுங்கள்: அரசு விதித்த அளவை மீறி, சட்டத்தை மீறி. பொதுவாக, எவ்வளவு என்று சொல்லாமல் ரொம்ப என்ற பொருளில் வந்தால் 'கு' வரும்: அளவுக்கு மீறிப் பேசினான், சக்திக்கு மீறிச் செலவு செய்தான். வரம்பு, எல்லை, அத்து மூன்றும் உருபு இல்லாமலே மீறும்: வரம்பு மீறி, எல்லை மீறி, அத்துமீறி. 'வரம்புக்கு மீறி' என்று எழுதினால் காதில் இடறும், அதைத் தவிர்த்துவிடுங்கள். 'மிஞ்சி'க்கு 'ஐ' உருபு ஒத்துவராது, 'அளவை மிஞ்சி' என்று நம் பேச்சில் வருவதில்லை, அளவுக்கு மிஞ்சி என்றே எழுதுங்கள். 'தாண்டி'க்கு 'கு' ஒத்துவராது, எல்லையைத் தாண்டி, இல்லாவிட்டால் வெறுமனே எல்லை தாண்டி. தேர்வில் மறுபடியும் அடித்தால் இந்தப் பக்கத்தைக் கொண்டுபோய் உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள், அவருக்கு வேறு கருத்து இருந்தால் எழுதி அனுப்பச் சொல்லுங்கள், அடுத்த இதழில் அதையும் போடுகிறேன்.